உப்புக்கு முன்னால் ஒரு குட்டை

எங்கள் குட்டைக் கரையில் இருநூற்றுப் பதினான்கு துளைகள் இருந்தன. முதல் முறை எண்ணியபோது இருநூற்றுப் பதினொன்றுதான் வந்தது. மூன்று துளைகள் ஆகாயத்தாமரைக்குப் பின்னால் மறைந்திருந்தன. அந்த மூன்றுக்காக முழங்கால் வலியோடு மறுபடியும் கரையைச் சுற்றி வந்தேன். என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"ஹார்பர்ல எண்ணினது பத்தலையா? பென்ஷன் வாங்கியும் எண்ணிகினு கீறீங்களே!"

முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுப்பது வேலை. நான்கு நேர்கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஓய்வு பெற்ற பிறகு கப்பல் இல்லை, கோடு நிற்கவில்லை. காலையில் எட்டு மாத்திரை, கடைத்தெருவுக்கு நானூற்று இருபது அடி. சடையங்குப்பத்தில் நான் கட்டிய வீட்டுக்கு ஏழு படி. எந்த மழைக்கு எத்தனை படி முழுகியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்தால் தண்ணீர் நின்றுவிடுமா என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை.

குட்டை வீட்டுக்குப் பின்னால். மழைத் தண்ணீர்க் குட்டை, குடித்தால் இன்னும் இனிப்பு. கரைக்கு மறுபுறம் கொஞ்ச தூரத்தில் கால்வாய், அதைத் தாண்டினால் கழிமுகம், உப்பு. பெருவெள்ளம் வரும் ஆண்டுகளில் கொசஸ்தலை ஆறு வழிந்து இந்தக் குட்டைக்குள் இறங்கிப் போகும். மேலே ஏரிகளிலும் வயல் வாய்க்கால்களிலும் பிறந்த மீன்களை எல்லாம் அது அடித்துக்கொண்டு வரும். இங்கே ஒதுங்கி நின்ற மீன் பிழைத்தது. கால்வாய்க்குப் போனது உப்பில் முடிந்தது. ஆறு முழுவதற்கும் கடைசி நல்ல தண்ணீர் எங்கள் ஒன்றேகால் ஏக்கர்தான் என்று நான் சொல்லும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் அடிக்கடி சொல்வேன்.

ஐந்து படி முழுகிய வெள்ளம் வடிந்த பிறகு, குட்டையிலும் தெருப் பள்ளங்களிலும் கண்ட மீன்களை நோட்டில் குறித்தேன். பதினோரு வகை.

அதற்குப் பிறகு வந்தது தொட்டி கழுவுகிற மீன். மீன் தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னுமே, டேங்க் கிளீனர், அதுதான். தொட்டியில் விரல் நீளம். குட்டையில் விட்டால் முழங்கை நீளம் வளர்ந்து, உடம்பு முழுக்கத் தகரம் மாதிரி ஓடு போட்டுக்கொள்கிறது. கொக்கு தின்னாது, மனிதர் தின்ன மாட்டார், வலையில் விழுந்தால் வலை கிழியும். மற்ற மீன்களின் முட்டையைத் தின்றுவிட்டு, கரையைக் குடைந்து அதற்குள் தன் முட்டையை வைக்கும். அந்த இருநூற்றுப் பதினான்கு துளைகளும் அதன் வேலை.

ஆவணி மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. சங்கத் தலைவர் மளிகை மொத்த வியாபாரி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. எதையும் தள்ளிப் போடாத மனிதர். கூட்டம் கூடுவதற்கு முன்பே ஆறு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கித் தன் குடோனில் அடுக்கிவிட்டார். குட்டையில் கொட்டுவது, மொத்தமும் செத்து மிதக்கட்டும், அள்ளிப் போட்டுவிட்டுத் துளைகளை அடைப்பது, பிறகு வளர்ப்புக் குஞ்சு வாங்கி விடுவது. இதுதான் திட்டம்.

நான் எழுந்தேன். எழுந்தால் உட்கார மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் வெளியே டீ குடிக்கப் போனார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் குட்டையில பதினோரு வகை நாட்டு மீன் இருக்கு. பவுடர் போட்டா அதுவும் போயிடும். திரும்ப வர ஆத்துல வெள்ளம் வரணும், வந்தாலும் மேல இதே மாதிரி குட்டைங்க மிச்சம் இருக்கணும்."

"சார், நீங்க சொல்லுதது நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "ஐப்பசியில கரை ஒடஞ்சா ஒங்க பதினோரு வகையும் எங்க வீட்டு அடுப்பாங்கரைக்குல்லா வரும்! கொழம்பு வைக்க நான் மீன் கடைக்குப் போவ வேண்டாம், அம்புட்டுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்கு இருந்தது. என் மகள் குடும்பம் எம்.கே.பி. நகர் அடுக்குமாடிக்குக் குடிபோனபோது மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். வண்ண மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அதில் இருந்த இரண்டு தொட்டி கழுவி மட்டும் சாகவில்லை. உயிருள்ளதைச் சாக்கடையில் போட மனம் வராமல், ஒரு மாலை வாளியோடு போய்க் குட்டையில் விட்டேன். புண்ணியம் செய்த நினைப்போடு வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். அதைக்கூட நோட்டில் எழுதியிருக்கிறேன்: "இரண்டு."

அன்று கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை. நான்கு ஞாயிறு மட்டும் கேட்டேன். நான்காவது ஞாயிற்றுக்குள் துளைகளைக் காலி செய்து, பதினோரு வகையையும் உயிரோடு காட்டுகிறேன் என்றேன்.

"பதினொண்ணு" என்று விரல் காட்டினார் அண்ணாச்சி. "பத்து இருந்தாலும் மூட்டைய அவுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. வலை போட்டால் நாட்டு மீனும் சாகும். தூண்டிலை அந்தச் சனியன் சீண்டாது. குட்டையில் தண்ணீர் இடுப்பளவு, கலங்கல், எதுவும் தெரியாது. எதை வைத்துக் காலி செய்வது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்கு இறால்காரி வந்தாள். முகத்துவாரக்குப்பத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். வலை இல்லாமல் கையால் இறால் பிடிக்கிறவள். கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவாள். கையில் அகப்பட்டதை, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைக்கூடைக்குள் போடுவாள். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். நான் அவளிடம் இறாலை எண்ணித்தான் வாங்குவேன் என்பதால் எங்களுக்குள் பத்து வருடச் சண்டை.

அன்று நான் எண்ணவில்லை. அவளே பயந்துவிட்டாள்.

"இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

சொன்னேன். பகலில் அந்த மீன் எங்கே இருக்கும் என்று கேட்டாள். துளைக்குள் என்றேன். அவள் சிரித்தாள்.

"அப்பால இன்னாத்துக்கு வலை? ஓட்டைக்குள்ள கைய வுட்டா ஆச்சு. சொரசொரன்னு இருந்தா அது, வழவழன்னு இருந்தா நம்ம ஆளு. கைக்குக் கண்ணு கீது நைனா."

"உனக்கு என்ன லாபம்?"

"தையில மொகத்துவாரத்துல மண்ணு மூடிக்கினா எங்களுக்கு எறா கெடையாது. அப்ப இந்த மாதிரி குட்டைங்கள்லதான் வெராலு தடவிகினு கெடப்போம். பவுடரக் கொட்டிட்டா நான் இன்னாத்த தடவறது, உன் மண்டையவா?"

தனக்கு எதிரே இருந்த என் வழுக்கையைப் பற்றி அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இறங்கினாள். நான் கரையில் ஒரு ஸ்டூல் போட்டு, பம்பு அறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். துளைக்குள் தோள் வரை கையை விடுவாள். முகம் வானத்தைப் பார்க்கும். ஒரு நிமிடம் யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பது போல இருப்பாள். பிறகு வாலைப் பிடித்து இழுத்து, கருப்பு ஓட்டு மீன் ஒன்றைக் கரையில் எறிவாள். அது தவளை மாதிரி கரகரவென்று சத்தம் போடும். பல் பறியைக் கடித்திருப்பதால் அவள் பேச்சு பாதிதான் கேட்கும். ஆனால் திட்டுவது முழுதாகக் கேட்டது.

காலியான துளையில் அவளே களிமண்ணும் செங்கல் துண்டும் வைத்து அடைத்தாள். சில துளைகளில் மஞ்சள் கொத்தாக முட்டை இருந்தது. உள்ளங்கை நிறைய இருந்த ஒரு கொத்தை என்னிடம் நீட்டி, "எண்ணு" என்றாள். எண்ணினேன். முந்நூற்று நாற்பதில் என் மனைவி வந்து தட்டிவிட்டாள்.

அன்று அறுபத்து மூன்று மீன், நாற்பத்தொரு துளை. நாட்டு மீனில் ஐந்து வகை கிடைத்தது. ஒரு பெயிண்ட் வாளியில் காட்டிவிட்டுத் திரும்ப விட்டோம். விரால், குறவை, கெண்டை, உளுவை, வாளியின் விளிம்பைத் தாண்டி வெளியே நடந்துபோகப் பார்த்த பனையேறி. பனையேறியை நான் புல்லில் துரத்தியதை அண்ணாச்சி மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

இரண்டாவது ஞாயிறு, பத்து மணி இருக்கும், தண்ணீரிலிருந்து ஒரு அலறல். தேளி முள் குத்திவிட்டது. அந்த மீனுக்குப் பெயரே அதனால்தான். அவள் கை விரல் வீங்கியது, உதடு நீலமானது. என் மனைவிதான் சுடுதண்ணீர் கொண்டு ஓடி வந்து, அவள் கையை அதில் முக்கி வைத்தாள். ஆம்புலன்ஸுக்கு எந்த எண் என்பது எனக்கு மறந்துபோனது. எண் மறந்தது அன்று ஒரு நாள்தான்.

கால் மணி நேரத்தில் வலி இறங்கியது. அவள் முதலில் கேட்டது, "அத்தெ வாளில போட்டியா?"

"எதை?"

"தேளியத்தான் நைனா! என்னெ குத்திச்சில்ல, அது ஒரு வகெ இல்லியா? கோடு போடு!"

போட்டேன். ஆறாவது வகை.

அன்று அவள் படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. நான்தான் அந்த இரண்டை விட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் வீங்கிய விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீதானா அந்த தர்மப்பிரபு! யம்மா, இங்க வந்து பாரு உன் வூட்டுக்காரர!" என்று என் மனைவியைக் கூப்பிட்டாள். "நான் ஒரு மாசமா தடவணும், இவரு ஒரு வாளில ஊத்திட்டு வந்துட்டாரு!"

என் மனைவி அசையவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "காப்பி குடிச்சிகினே சொன்னாரு. பெரிய புண்ணியம்னு ரெண்டாவது டம்ளர் வேற கேட்டாரு."

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட கணக்கில் பிழை என்று மேலதிகாரியிடம் போய் நின்றது போல இருந்தது. பிறகு இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்தார். "நானும் ஒண்ணு வுட்டேன் சார்." பின்வரிசையில் ஒரு அம்மா, "எங்க வீட்டுல மூணு" என்றார். கடைசியில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"எம் பேரப்பிள்ளையோடது. நாலு" என்றார். "செத்துரும்னு நெனச்சோம். சாவலியே, என்ன செய்யது!"

எனக்கு அன்று ராஜ்ஜியமே கிடைத்தது போல இருந்தது. பத்து. விட்டவர்கள் ஒப்புக்கொண்டது பத்து. அதில் என்னுடையது இரண்டுதான்.

மூன்றாவது ஞாயிறு கரைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். யாரையும் தண்ணீரில் இறங்க அவள் விடவில்லை; களிமண் குழைக்கச் சொன்னாள். நூற்றுப் பதினெட்டு மீன். தோண்டிப் புதைத்த குழிகள் நான்கு, மேலே தென்னங்கன்று வைத்தோம். நாட்டுக் கெளுத்தி கிடைத்தது. தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன் கிடைத்தது. உடம்புக்குள் முள் தெரியும் கண்ணாடி மீன் கிடைத்தது. ஒன்பது. மிச்சம் இரண்டு, அயிரையும் ஆரலும். அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே சந்தேகம். நோட்டில் எழுதியது சரிதானா? அன்று பார்த்தது ஆரல்தானா, தண்ணீர்ப் பாம்புக் குட்டியா? முழுகிய படி ஐந்துதான், அது நிச்சயம். மீன் பதினொன்று என்பது வெள்ளத்தில் பயந்துபோன ஒரு மனிதன் போட்ட கணக்கு.

நான்காவது ஞாயிறு அண்ணாச்சியின் வண்டி கரையோரம் வந்து நின்றது. மேலே ஆறு மூட்டை. என்னைப் பயமுறுத்த அல்ல. சொன்ன சொல்லைக் காக்கிறவர், அவ்வளவுதான். தெருவில் பாதி கூடிவிட்டது. விடியும் முன்பே அவள் மறுபடியும் பிடித்துத் தந்ததை வாளிகளில் விட்டு வரிசையாக வைத்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு வகை. ஒன்பது வாளியில் மீன், இரண்டு வாளியில் வெறும் தண்ணீர்.

மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும் மணல் மூலைக்கு அவள் நேராகப் போனாள். முந்தானையை மணலோடு இழுத்து அள்ளினாள். துணியில் நெளிந்தவற்றில் விரல் தடிமன்கூட இல்லாத அயிரைகள் ஏழு. பத்தாவது வாளி நிறைந்தது.

பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. கரையின் கடைசித் துளைகளைத் தடவினாள். மூன்று ஓட்டு மீன், பிறகு இரண்டு, பிறகு இரண்டு. இருநூற்றுப் பதினான்காவது துளையும் காலி. களிமண் வைத்து அடைத்தார்கள். அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மூட்டை மேல் வைத்திருந்த கையை எடுக்கவும் இல்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

நடுக் குட்டையில் அல்லிக் கிழங்குச் சேற்றுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். பறியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"நைனா. நீட்டா கீது. வழவழங்குது."

"பாம்பா இருந்தா விட்டுடும்மா!"

"பாம்புக்கு முதுவுல ரம்பம் இருக்காது. இது அறுக்குது."

கையை வெளியே எடுத்தாள். பழுப்பு நிறத்தில், கூரிய மூக்கோடு, முதுகு முழுவதும் சின்னச் சின்ன முள்ளோடு, அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு ஆரல். கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்துக்கு மறுகரையில் நின்ற நாரைகள் பறந்தன. நான் ஆறு என்று எண்ணினேன். பழக்கம்.

அவள் கரையேறிப் பறியைக் கவிழ்த்தபோது ஆரலோடு இன்னொன்றும் விழுந்தது. உள்ளங்கையில் பாதி அளவு, மஞ்சள் உடம்பு, வரிசை வரிசையாகச் செம்புள்ளிகள். என் நோட்டில் இல்லாத மீன்.

"இது என்ன?"

"எங்க பக்கம் கூட கீது. யாரும் துன்ன மாட்டாங்கோ, சும்மா புள்ளி மீனும்பாங்க. இதும் வகெதானே?"

அதற்கும் ஒரு வாளி வைத்தேன். அண்ணாச்சி குனிந்து வாளிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். கடைசி வாளி வந்ததும் நிமிர்ந்தார்.

"சார், கணக்கு தப்புதே. பன்னெண்டுல்லா இருக்கு."

முப்பத்தாறு வருடத்தில் என் கணக்கைத் தப்பென்று சொன்னவர்களோடு நான் பேசியதே கிடையாது. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான் அண்ணாச்சி, தப்புதான்" என்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. வண்டியை மூட்டையோடு திருப்பச் சொன்னார். போகும்போது, வாங்கிய கடையிலேயே அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும், எடுக்க மறுத்தால் கடைக்காரனைக் குட்டையில் இறக்கப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று இரவு நான் தூங்கவில்லை. மூன்று படி முழுகியது. கரை ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. வாய்க்கால் வழியாக ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து விழுந்ததைத் தெருவே நின்று பார்த்தது. தொட்டி மீனை விடக் கூடாது என்று அண்ணாச்சி ஒரு போர்டு எழுதி நட்டார். அதில் தம் பேரனின் நான்கு மீனையும் ஒப்புக்கொண்டு எழுதச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஓட்டு மீன் முழுவதும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் ஒரு நாள் அவள் வந்து தடவுகிறாள். போன மாதம் இரண்டு, இந்த மாதம் ஒன்று.

மழை விட்டுப் பதினோராம் நாள் காலை அவள் இறங்கியபோது அண்ணாச்சியும் நானும் கரையில் நின்றோம். அல்லி இலைகளுக்கு நடுவில் தண்ணீர் செந்நிறமாகக் கொதிப்பது போல் இருந்தது. விரால் குஞ்சுகள், பிறந்து சில நாள்தான், ஒரே பந்தாகத் திரண்டு மேலே வந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவள் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டாள். தண்ணீர் வெடித்தது. ஒரு கருப்பு முதுகு பாய்ந்து அவள் முழங்கையில் மோதியது. மறுபடியும் மோதியது. பறி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"அப்பங்காரன் கடிக்கிறான் நைனா!" என்று கத்திக்கொண்டே, சிரிப்பு அடங்காமல், நான்கு எட்டில் கரையேறினாள். விரால் அவளைக் கரை வரை துரத்திக்கொண்டு வந்து, எங்கள் மூவரையும் ஒரு நொடி பார்த்துவிட்டு, குஞ்சுகளிடம் திரும்பியது.

"பறிய எடுக்கணுமே" என்றார் அண்ணாச்சி.

"நீ போய் எட்றா மாமு" என்றாள் அவள்.

பறி நாள் முழுவதும் அங்கேயே மிதந்தது.